கேண்டால்ஃப் யார் வீட்டுப் பெயர்?

ஏட்டுப்பூச்சி:
தங்கை மகள் இப்போது ஹாரி பாட்டர் மூன்றாவது புத்தகத்தில் இருக்கிறாள். அவளுக்குத் துணையாக நானும் பல வருடம் கழித்து மறுபடி எடுத்தேன். ரயில் காட்சி வருகிறது. ஓர் ஆசிரியர் மூலையில் தூங்கிக்கொண்டிருக்கிறார், பெட்டியில் அவர் பெயர் 'ஆர். ஜே. லூப்பின்' என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் படித்தோம். "மாமா, இவர் ஓநாயா?" என்று கேட்டாள்.

அது தெரியவருவது கதையின் கடைசியில். எப்படிடீ கண்டுபிடித்தாய் என்றால், அறிவியல் புத்தகத்தில் ஓநாயின் பெயர் 'கேனிஸ் லூபஸ்' என்று போட்டிருக்கிறதாம். நான் அவள் வயதில் இதே புத்தகத்தைப் படித்துக் கடைசி அத்தியாயம்வரை வாய் பிளந்து உட்கார்ந்திருந்தவன். பின்னால் அவருடைய முதல் பெயர் ரீமஸ் என்று வருகிறது. ரோமாபுரியைக் கட்டிய கதையில் ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையருக்குப் பால் கொடுத்ததும் ஓநாய்தான். ஆக, ஓநாய்ப்பால் குடித்தவன், ஓநாய்க்காரன். எழுத்தாளர் பெயரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நானும் ஒரு ஃபேண்டஸி கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் (பதினோராவது அத்தியாயத்தில் ஒரு வருடமாக நிற்கிறது, அது தனிக்கதை). பெயர்களைப் புராணத்திலிருந்து எடுக்கலாமா, எடுத்தால் எப்படி எடுப்பது என்பதுதான் இப்போதைய குழப்பம். இப்படிப் புராணப் பெயர்கள் ஒளிந்திருக்கும் கதைகள் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

நூலகப்பூனை:
தங்கை மகளுக்கு ஒரு சபாஷ். ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங்காவது கடைக்குப் போய் ஒன்றிரண்டு பொருள் வாங்கி வந்தவர். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் கடையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

1937இல் வந்த அவருடைய 'த ஹாபிட்' கதையில் பதின்மூன்று குள்ளர்கள். தோரின், த்வாலின், பாலின், ஃபீலி, கீலி, டோரி, நோரி, ஓரி, ஓயின், குளோயின், பிஃபூர், போஃபூர், பாம்பூர். பாலினைத் தவிர மற்றப் பன்னிரண்டு பேரையும் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் உள்ள 'வோலுஸ்பா' என்ற பாட்டிலும், ஸ்நோரி என்ற ஐஸ்லாந்துக்காரர் அதை எடுத்தெழுதிய பாடத்திலும் பார்க்கலாம். வோலுஸ்பா என்றால் குறிகாரியின் வாக்கு. உலகம் தோன்றியதையும் அழியப்போவதையும் ஒரு குறிகாரி ஓடின் தெய்வத்துக்குச் சொல்கிறாள். நடுவில் கதை சட்டென்று நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா சித்தப்பா பெயர்கள் ஓடுவது போலக் குள்ளர் பெயர்கள் மட்டும் பாட்டுப் பாட்டாக ஓடும். அறுபதுக்கு மேல் தேறும்.

இந்தப் பாட்டு இருக்கும் முக்கியமான சுவடி பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்டது. 1662இல் ஒரு பிஷப் அதை டென்மார்க் மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். 1971இல்தான் ஊர் திரும்பியது.

அந்தப் பட்டியலுக்குள்ளேதான் 'காண்டால்ஃபர்' என்ற பெயரும் இருக்கிறது. 'காண்டர்' என்றால் மந்திரக்கோல், மந்திரம் என்ற வகைப் பொருள். 'ஆல்ஃபர்' என்றால் எல்ஃப், அதாவது வனதேவதை இனத்தான். குள்ளர் பட்டியலில் கோல் வைத்த ஒரு வனதேவதைக்கு என்ன வேலை? புத்தகத்தில் கேண்டால்ஃப் என்பவர் மந்திரவாதி. ஆனால் டோல்கீனின் முதல் வரைவில் அது குள்ளர்களின் தலைவன் பெயர்! மந்திரவாதிக்கு வைத்திருந்த பெயர் 'பிளாடோர்தின்'. எழுதிக்கொண்டே போகும்போது பெயர் இடம் மாறிவிட்டது. கோல்காரன் கோல் வைத்திருப்பவரிடம் போய்ச் சேர்ந்தான். தலைமை தோரினுக்குப் போனது. தோரினின் பட்டப்பெயர் 'ஓக்மரக் கேடயன்'. அதுவும் அதே பாட்டில் 'எய்க்கின்ஸ்க்யால்டி' என்று தனியொரு குள்ளன் பெயராக இருப்பதுதான்.

பழையசோறு:
பாம்பூர் என்கிற குண்டுக் குள்ளனை நான் ஆம்பூர் என்றே படித்து வந்திருக்கிறேன். பிரியாணி சாப்பிட்டுத்தான் அந்த உடம்பு என்று நினைத்தேன். அப்புறம் கீலி. எங்கள் வகுப்பில் அவனைக் 'கிலி' என்போம். அவனைப் பார்த்து எந்த எதிரிக்கும் கிலி பிடித்ததாக நினைவில்லை.

ரீமஸ் லூப்பின் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவரை ஓநாய்மனிதன் கடித்தது சின்னப் பிள்ளையாக இருக்கும்போது. பெயர் வைத்தது அதற்கும் முன்னால். அப்பா அம்மா எந்த ஜோசியரிடம் போனார்கள்?

கொல்லிமலையான்:
நான் நாமக்கல் மாவட்டம். தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள்.

நூலகப்பூனை சொன்னதும் அந்த ஐஸ்லாந்துப் பாட்டைத் தேடி எடுத்து, முழுப் பட்டியலையும் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஓரி இருக்கிறார். நாலி இருக்கிறார். ஆய் இருக்கிறார். இப்போது நம் கடையெழு வள்ளல்களைச் சொல்லுங்கள்: பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. ஏழில் மூன்று பேர் அந்தப் பட்டியலில் நிற்கிறார்கள்! 'யாரி' என்று ஒரு குள்ளனும் உண்டு. அதைப் பாரியோடு சேர்த்தாலும் சரி, காரியோடு சேர்த்தாலும் சரி, நான்கு ஆகிவிடும்.

இன்னொன்று. குள்ளர்கள் எங்கே வசிக்கிறார்கள்? மலையில். நம் வள்ளல்கள்? ஓரி கொல்லிமலை, பாரி பறம்புமலை, ஆய் பொதியமலை. முசிறிக்கு ரோமானியக் கப்பல் வந்ததை யாரும் மறுக்க முடியாது. முசிறியிலிருந்து ரோம், ரோமிலிருந்து ஜெர்மானியக் கூட்டங்கள், அங்கிருந்து ஐஸ்லாந்து. வழி இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

பழையசோறு:
சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. பேகன் மட்டும் அங்கே போயிருந்தால் குளிருக்கு மயிலுக்கே போர்வை தந்தவர், ஐஸ்லாந்தில் என்ன பாடு பட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழாசிரியை (ஓய்வு):
தம்பி கொல்லிமலையான், நீங்கள் பட்டியலை உட்கார்ந்து படித்தீர்களே, அதற்கே முதலில் பாராட்டு. இந்த வயதில் நான்கூட அப்படிப் படிப்பதில்லை. ஆனால் இது நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

பொருளைப் பாருங்கள். ஓரி என்றால் நமக்குப் பிடரி மயிர். சிறுபாணாற்றுப்படை 'ஓரிக் குதிரை ஓரி', 'காரிக் குதிரைக் காரி' என்று குதிரையோடு சேர்த்தே இவர்களைச் சொல்கிறது. காரி என்பது கருமை. நார்ஸ் ஓரியைப் 'பித்துப் பிடித்தவன்' என்ற பொருளோடு சேர்க்கிறார்கள். அங்கே 'ஆய்' என்ற சொல்லுக்குப் பூட்டன் என்று பொருள். இங்கே அது ஒரு வேளிர் குடியின் பெயர். ஒலி ஒன்று, பொருள் நான்கு திசையில்.

அடுத்து, கதையைப் பாருங்கள். இதுதான் எனக்கு முக்கியம். நம் ஊரில் ஓரியைக் கொன்றவன் காரி. கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். பெயர்கள் கப்பலேறிப் போயிருந்தால் அந்தப் பகையில் ஒரு துளியாவது கூடப் போயிருக்க வேண்டாமா? யாரி ஓரியை ஏதாவது செய்தானா? அந்தப் பாட்டில் பெயர் மட்டும்தானே இருக்கிறது.

கடைசியாக, கணக்கு. அறுபதுக்கு மேற்பட்ட குட்டிப் பெயர்கள் ஒரு பக்கம், அதில் நிறைய இகரத்தில் முடிகிறது. மறுபக்கம் நம் ஏழு, அதில் நான்கு இகரத்தில் முடிகிறது. இரண்டு மூன்று மோதாமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், இன்னும் அதிகமாகவே மோதும்.

நூலகப்பூனை:
டீச்சர் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுதான் உண்டு. டோல்கீனே இந்தத் தொல்லையை அனுபவித்தவர். அவர் கதையின் வில்லன் சௌரோன் பெயர் கிரேக்கத்தில் பல்லியைக் குறிக்கும் 'சௌரா'விலிருந்து வந்தது, கதையில் வரும் குள்ளர்களின் மோரியா சுரங்கம் விவிலியத்தில் ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன மோரியா தேசம் என்றெல்லாம் வாசகர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1967இல் ஒரு வாசகருக்கு நீளமாக ஒரு பதிலை வரைந்து வைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, சௌரோன் என்பது தான் உருவாக்கிய மொழியில் 'அருவருக்கத்தக்கவன்' என்ற பொருளில் முளைத்த சொல் என்கிறார்.

அதே கடிதத்தில் எயாரெண்டில் என்ற தன் கதாபாத்திரத்தின் பெயருக்கு மட்டும் வேறு வழி சொல்கிறார். அதைப் பழைய ஆங்கிலத்திலிருந்து எடுத்ததை அவரே ஒத்துக்கொள்கிறார். ஒரு கிறித்தவப் பாட்டில் 'எயாரெண்டெல்' என்று விண்மீனைப் போன்ற ஒருவர் 'தேவதூதர்களில் மிக ஒளியானவனே' என்று அழைக்கப்படுகிறார். மாணவனாக இருந்தபோது கண்ணில் பட்ட அந்தப் பெயரை வைத்து 1914இல் ஒரு கவிதை எழுதினார். அவர் கதைகள் நடக்கும் மத்திய பூமியின் கதை பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. குள்ளர் பெயர்களையும் மந்திரவாதியின் பெயரையும் எட்டா என்ற பழைய நார்ஸ் பாட்டுகளிலிருந்து (வோலுஸ்பாவும் அதில் ஒன்று) எடுத்ததாக ஒரு பத்திரிகைக்கு 1938லேயே எழுதிவிட்டார்.

ஆகவே என் அளவுகோல் இதுதான். ஒலி ஒத்துப்போவது சாட்சி ஆகாது. எழுத்தாளர் கைப்பட ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பெயரோடு அந்தப் பழைய ஆளின் வேலையும் கதைக்குள் வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஓரி ஓரியாகவே இருக்கட்டும்.

கொல்லிமலையான்:
சரி, ஓரியை விட்டுவிடுகிறேன். ஆனால் மனம் கேட்கவில்லை. ஆங்கிலேயர் லூப்பின், லூபஸ் என்று பொருத்தினால் 'ஆகா' என்கிறீர்கள், நாங்கள் பொருத்தினால் கணக்கு வாத்தியார் ஆகிவிடுகிறீர்கள்.

தமிழாசிரியை (ஓய்வு):
லூப்பின் நிலா நாளில் ஓநாயாகிறார், தம்பி. உங்கள் குள்ள ஓரி வில்லெடுத்து யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பில் வீழ்த்தட்டும், அன்றைக்கு நானே உங்கள் பக்கம்.

ஒஸ்லோ அக்கா:
நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் முப்பது வருடமாக இருக்கிறேன். உங்கள் உரையாடலைப் பார்த்து இரவு வேலை முடிந்து வந்தும் நித்திரை வரவில்லை.

இங்கே இந்தப் பெயர்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. 'காண்ட்' என்றால் நோர்வேஜிய மொழியில் இன்றைக்கும் சூனியம்தான். என் மகனின் வகுப்பில் ஒரு ஊடின், இரண்டு தூர். இதெல்லாம் அவர்களுக்குச் சாதாரணம், நாங்கள் கந்தன், முருகன் என்று வைப்பது போல. கேண்டால்ஃப் என்ற பெயரில் ஒரு அரசனும் இருந்திருக்கிறான். ஒஸ்லோவுக்குத் தெற்கே கிழக்குக் கரையில் ஆல்ஃப்ஹெய்ம் என்ற இடத்தை ஆண்டதாகவும், ஹால்ஃப்தான் கறுப்பன் என்ற அரசனோடு மல்லுக்கட்டியதாகவும் பழைய அரசர் கதைகள் சொல்கின்றன. ஆகவே புத்தகம் வாசிக்கும் நோர்வேப் பிள்ளைக்கு அந்தப் பெயர் மந்திரவாதிப் பெயராக முதலில் படாது, பழைய ஊர்ப் பெயராகத்தான் படும்.

கிழமைகளைப் பாருங்கள். செவ்வாய் இங்கே 'தீர்ஸ்தாக்', தீர் என்ற போர்த் தெய்வத்தின் நாள். புதன் 'உன்ஸ்தாக்', ஓடினின் நாள். ஆங்கிலத்திலும் இதே கதைதான். நீல் கெய்மன் 2001இல் எழுதிய 'அமெரிக்கன் காட்ஸ்' நாவலில் ஒரு கிழவர் வருவார், இன்றைக்கு என் நாள், என்னை வெட்னஸ்டே என்றே கூப்பிடு என்பார். ஒரு கண் சரியில்லாத கிழவர், புதன்கிழமை என்று பெயர். ஓடினுக்கும் ஒரு கண்தான். இங்கே எந்தப் பிள்ளையும் அரைப் பக்கத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடும். சிறையில் கதாநாயகனுடன் இருந்தவன் பெயர் 'லோ கீ'. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், லோகி என்ற தந்திரக்காரத் தெய்வம் வந்து நிற்கும்.

தீரின் கதையையும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அது ஹாரி பாட்டரில் இருக்கிறது. ஃபென்ரிர் என்ற பெரிய ஓநாயைத் தெய்வங்கள் கட்ட நினைத்தார்கள். இரும்புச் சங்கிலியெல்லாம் அறுந்தது. கடைசியில் குள்ளர்கள் ஒரு நாடா செய்தார்கள். ஆறு பொருள் சேர்த்தார்கள்: பூனை நடக்கும் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். அதனால்தான் பூனை நடந்தால் சத்தம் கேட்பதில்லை என்று ஸ்நோரி சொல்கிறார், எல்லாம் அந்த நாடாவில் போய்விட்டதாம்! ஓநாய்க்குச் சந்தேகம். யாராவது என் வாயில் கை வைத்தால்தான் கட்ட விடுவேன் என்றது. தீர் வைத்தார். கட்டு இறுகியது, கை போனது. ரீமஸ் லூப்பினைச் சின்ன வயதில் கடித்தவனின் பெயர் ஃபென்ரிர். ஒரு ரோமானிய ஓநாயை ஒரு வடநாட்டு ஓநாய் கடித்திருக்கிறது.

தமிழாசிரியை (ஓய்வு):
பூனையின் காலடிச் சத்தம்! நம்மிடம் முயற்கொம்பு, ஆகாயத்தாமரை என்று இல்லாததற்கு உதாரணம் சொல்லி நிறுத்திவிட்டோம். அவர்கள் அதைத் திரித்துக் கயிறாக்கி ஓநாயையே கட்டியிருக்கிறார்கள்.

பாம்புச்சட்டை:
ஹாரி பாட்டரின் நாகினியைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லையே. தமிழ் வாசகனுக்கு அகராதி இல்லாமல் புரிந்த ஒரே பெயர் அதுதான். 2000இல் நாலாவது புத்தகத்தில் வில்லன் வோல்டமோர்ட்டின் பாம்பாக வந்தாள். பதினெட்டு வருடம் கழித்து, அவள் ஒரு காலத்தில் பெண்ணாக இருந்தவள் என்று படத்தில் காட்டினார்கள். கொரிய நடிகை ஏன் என்று கேள்வி வந்தபோது, நாகர்கள் இந்தோனேசியப் புராணத்தில் வருபவர்கள் என்று ரௌலிங் விளக்கம் கொடுத்தார். நம் ஊரில் அன்றைக்கு ஒரே கூத்து. சொல் சமஸ்கிருதம், கதை இங்கிருந்து போனது என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள்.

எனக்கு அந்தச் சண்டையில் பாதிதான் சம்மதம். சொல் இங்கிருந்து போனது உண்மை. ஆனால் ஜாவாக்காரர்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் கோயில் வாசலில் செதுக்கி வைத்திருக்கும் நாகம் அவர்களுடையதும்தான். என் கோபம் வேறு. நாகம் என்றால் புதையல் காக்கும், மழைக்கும் நீருக்கும் சொந்தம், பிள்ளை வரம் தரும், பகை வைத்தால் ஏழு தலைமுறை விடாது. இதில் ஒன்றுகூட அந்தப் பாம்பிடம் இல்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு புற்றைப் பின்னாலேயே விட்டுவிட்டார். பூனை வைத்த அளவுகோலில் இது தேறாது.

பழையசோறு:
டப்பிங் சீரியல் நாகினி தேறுவாள். பழிவாங்குவதற்காகவே ஐந்து நூறு எபிசோடு வாழ்ந்தவள்.

நெறியாளர்:
சீரியல் பேச்சு பொழுதுபோக்குப் பகுதிக்கு. கதையின் முடிவை உடைப்பவர்கள் முன்கூட்டி எச்சரிக்கை போடவும். லூப்பினை ஏற்கெனவே உடைத்தாயிற்று, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

தமிழாசிரியை (ஓய்வு):
பாம்புச்சட்டை கோபத்தில் நியாயம் இருந்தாலும், அதே ரௌலிங் சரியாகச் செய்த ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். பேத்தி படித்துக் காட்டியதால்தான் எனக்குத் தெரியும்.

ஆறாவது புத்தகத்தில் வோல்டமோர்ட்டின் தாய் பெயர் மெரோப்பி. மந்திரக் குடும்பத்துப் பெண், மந்திரம் தெரியாத சாதாரண மனிதனைக் கட்டிக்கொண்டு, கடைசியில் ஆதரவில்லாமல் போய்ச் சேருகிறாள். கிரேக்கத்தில் மெரோப்பி யார் தெரியுமா? நாம் கார்த்திகை என்கிறோமே, சங்கப் பாட்டில் 'அறுமீன்', அந்த விண்மீன் கூட்டத்தில் ஒருத்தி. அவர்களுக்கு அது ஏழு சகோதரிகள். மற்றவர்கள் தேவர்களோடு சேர, மெரோப்பி மட்டும் சிசிபஸ் என்ற மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்த வெட்கத்தில்தான் ஒரு மீன் மங்கலாகத் தெரிகிறது என்பார்கள். பெயரும் வந்தது, பெயருக்குரிய துயரமும் வந்தது.

நம் பக்கம் கணக்கு வேறு மாதிரி. ஏழு முனிவர்களின் மனைவியரில் ஆறு பேர் பழி சுமந்து கார்த்திகைப் பெண்களானார்கள், ஏழாமவள் அருந்ததி கணவரோடேயே தனி மீனாக நின்றாள். அங்கே ஏழில் ஒருத்தி மங்கினாள், இங்கே ஏழில் ஒருத்தி தப்பினாள். வெறும் கண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் ஆறுதான் தெளிவாகத் தெரியும். ஏழாவது எங்கே என்று இரண்டு ஊரும் கேட்டிருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக நான் சொல்ல மாட்டேன், கொல்லிமலையான் கவனிக்கவும்.

அப்புறம் பத்மா, பார்வதி என்று இரட்டைச் சகோதரிகள் அதே கதையில் வருகிறார்கள். பத்மா என்றால் திருமகள். பார்வதி திருமாலின் தங்கை. மதுரையில் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து மீனாட்சியைத் தாரை வார்ப்பது ஊரறிந்தது. ஆக உறவு முறையில் இருவரும் நாத்தனார்கள். இரட்டைப் பிள்ளைகள் ஆக்கினது அந்த அம்மாளின் துணிச்சல்.

பழையசோறு:
நாத்தனார்கள் ஒரே பள்ளியில் வேறு வேறு விடுதியில் இருந்தார்களே, அதுவரை சரிதான்.

நூலகப்பூனை:
ஏட்டுப்பூச்சியின் அசல் கேள்விக்கு வருகிறேன். எப்படி எடுப்பது? டோல்கீனின் வரைவுகளைப் பார்த்தால் அவரும் தடுமாறியது தெரியும். கரடியாக மாறும் மனிதன் பேயோர்ன், பழைய ஆங்கிலத்தில் வீரன் என்று பொருள், நார்ஸில் கரடி. ஆனால் முதலில் வைத்த பெயர் 'மெத்வெத்'. ஸ்லாவிய மொழிகளில் கரடிக்கு இதுதான் சொல், நேர்ப்பொருள் 'தேன் தின்னி'. டிராகனுக்கு முதலில் 'ப்ரிஃப்டான்', வெல்ஷ் மொழியில் நெருப்புப் புழு. பிறகுதான் ஸ்மௌக் ஆனது. பொந்துக்குள் நுழைவது என்ற பழைய ஜெர்மானிய வினைச்சொல்லின் இறந்தகாலம் அது, மொழியாசிரியரின் மட்டமான ஜோக் என்று அவரே சொல்கிறார். இவ்வளவு நாட்டிலிருந்து பெயர் வந்தால் கதை சந்தைக்கடை ஆகிவிடும் என்று கலைத்து, வடக்குப் பக்கமாக ஒழுங்குபடுத்தினார்.

பின்னால் இன்னொரு சிக்கல். மத்திய பூமியில் நார்ஸ் பெயர் எப்படி வரும்? அதற்கு அவர் கண்ட வழி: இதெல்லாம் மொழிபெயர்ப்பு என்றார். குள்ளர்களுக்கு உள்பெயர் ஒன்று உண்டு, அதை வெளியாருக்குச் சொல்லவே மாட்டார்கள், கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. நமக்குத் தெரிந்த தோரினும் ஓரியும் வெளியூராரோடு பழக வைத்துக்கொண்ட பெயர்கள். கதையில் வரும் ரோஹன் நாட்டுக்காரர்களுக்குப் பழைய ஆங்கிலப் பெயர். அவர்கள் அரசன் தேயோடன் என்றாலே அதில் மன்னன் என்று பொருள். அரசர் தேயோடன் என்றால் 'மன்னர் மன்னன்'. நாம் 'நடுசென்டர்' என்கிறோமே அது மாதிரி.

பழையசோறு:
தேன் தின்னி என்றதும் எங்கள் பாட்டி ஞாபகம். இரவில் பாம்பு என்று சொல்ல விடமாட்டார், 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். கரடி பெயரைச் சொன்னால் கரடி வரும் என்று அவர்களும் பயந்திருப்பார்கள் போல. வோல்டமோர்ட்டை 'பெயர் சொல்லக் கூடாதவன்' என்று அந்த மந்திரவாதிகள் சொல்வதும் பாட்டியின் 'பூச்சி'யும் ஒன்றுதான். ஹாரி வயதுப் பையனாக நானும் வேண்டுமென்றே "பாம்பு பாம்பு" என்று கத்தி அடி வாங்கியிருக்கிறேன்.

ஒஸ்லோ அக்கா:
கரடிக்கு இங்கேயும் 'பழுப்பன்' என்ற பொருளில்தான் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையான பெயர் போயே போய்விட்டதாம்.

பாம்புச்சட்டை:
ஒருவரை விட்டுவிட்டோம். அமெரிக்க எழுத்தாளர் லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ கதையில் ஒருவனின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவன் உன் கையில். இந்த அம்மாள் பெயர்களைப் புராணத்தில் தேடவில்லை. பெயர் காதில் கேட்கும்வரை காத்திருப்பேன் என்கிற மாதிரிதான் எழுதியிருக்கிறார். கெட் என்ற நாயகன் பெயரை எந்தச் சுவடியிலும் தேட வேண்டாம். அதனால் கதை குறைந்துபோய்விடவில்லை. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஏட்டுப்பூச்சி.

ஏட்டுப்பூச்சி:
எல்லோருக்கும் நன்றி. என் குட்டு வெளிப்படும் நேரம். என் கதையில் ஒரு ராணி உண்டு. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. அந்த ரகசியம் பதினைந்தாவது அத்தியாயத்தில் உடைய வேண்டும். நான் வைத்த பெயர் காயசண்டிகை.

தமிழாசிரியை (ஓய்வு):
ஐயோ தம்பி. மணிமேகலை படித்தவர் எவருக்கும் முதல் வரியிலேயே தெரிந்துவிடுமே! முனிவரின் நாவல் கனியை மிதித்து, பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ நோயோடு அலைந்தவள். நீங்களே ஒரு ரீமஸ் லூப்பின் செய்து வைத்திருக்கிறீர்கள்.

ஏட்டுப்பூச்சி:
ஆமாம் டீச்சர், அவரைப் பற்றி எழுதிவிட்டு மறுநாள்தான் எனக்கே உறைத்தது. பெயரைத் தூக்கிவிடலாம் என்று இருந்தேன். கேண்டால்ஃப் இடம் மாறிய கதையைப் படித்ததும் வேறு யோசனை வந்தது. ராணிக்குச் சும்மா ஒரு பெயர். காயசண்டிகை என்ற பெயரை அரண்மனைச் சமையல்காரிக்குக் கொடுத்துவிட்டேன். ஊருக்கே சோறு போடுபவள், தானே சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. பெயரை மாற்றியதும் அவளுக்கு ஒரு பழைய சாபம் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வருடமாக நின்ற அத்தியாயம் நேற்று இரவு ஆறு பக்கம் ஓடியது.

காலையில் தங்கை மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமா, இந்தச் சமையல்கார அக்கா ஏன் ராணி சாப்பிடும்போது மட்டும் அப்படிப் பார்க்கிறாள்?" என்றாள். அதை நான் எழுதியதாகவே எனக்கு நினைவில்லை. திருப்பிப் பார்த்தேன், எழுதியிருக்கிறேன்.

கொல்லிமலையான்:
அரண்மனையில் வாயிற்காவலன் வேலை காலியாக இருந்தால் சொல்லுங்கள். ஓரி என்று நல்ல பையன் ஒருவன் இருக்கிறான். குள்ளமா உயரமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், வில் மட்டும் கையில் இருக்கட்டும்.